சிரிக்காமல் ஒரு வாக்கியம்

அந்த நகரத்தில் அவளைப் பார்த்தவர்கள் கொஞ்சம், கேட்டவர்கள் கொள்ளை. லிஃப்டின் கதவு சாத்திக்கொள்ளும்போது "மன்னிக்கவும், கதவு மூடுகிறது" என்பவள் அவள். தொலைபேசியில் காத்திருக்கச் சொல்பவளும் அவள், காத்திருக்க வைத்ததற்கு வருத்தம் தெரிவிப்பவளும் அவள். பேருந்து தாமதமா, மின்சாரம் போயிற்றா, மருத்துவர் இன்று வரவில்லையா, ஊரில் எவர் எந்தப் பிழையைச் செய்தாலும் அதற்காகக் குரல் தாழ்த்தும் உத்தியோகம் அவளுடையது. கதவை அவள் மூடவில்லை. பேருந்தை அவள் ஓட்டவில்லை. வராத மருத்துவரை அவள் கண்ணால் கண்டதுகூட இல்லை. இருந்தும் மன்னிப்பு என்ற ஒன்று கேட்கப்பட வேண்டுமானால் அது அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்று எல்லாரும் கூடிப் பேசி முடித்துவிட்டது போல, ஆண்டுக்கணக்காக அது வந்துகொண்டே இருந்தது.

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்கு 'மன்னிக்கவும் மேடம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. முதலாளி வாசலில் இருந்தே, மன்னிக்கவும் மேடம் வந்தாச்சா என்று விசாரிப்பார். வந்தாச்சு சார், மன்னிக்கவும் என்பாள் அவளும். இருவரும் சிரிப்பார்கள். தினமும் அதே வேடிக்கை, தினமும் அதே சிரிப்பு.

கூடம் என்று பெயர்தானே தவிர, நான்கு பேர் நின்றால் ஐந்தாமவர் மூச்சுவிட இடம் கேட்க வேண்டும். சுவரெல்லாம் கறுத்த பஞ்சுப் பலகை. நடுவே தலைகீழாகத் தொங்கும் ஒரு மைக். ஒரு பக்கம் ஒளி ஊடுருவும் தடுப்பு. தடுப்புக்கு அப்பால், காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோனும் அதற்குமேல் ஒரு கம்பளித் தொப்பியுமாக ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருப்பார். அவர் பேச்சு குறைவு. எதையும் பாதியில் கேட்டு நிறுத்துவதே தொழிலாகிவிட்டதால், பேசினாலும் பாதியில் நிறுத்திவிடுவார்.

மைக்குக்குச் சற்று மேலே, நிற்பவரின் முகம் சரியாகத் தெரியும் உயரத்தில், ஓர் ஆணி. அந்த ஆணியில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை மாட்டுவார்கள். முதலாளியின் ஏற்பாடு அது.

"உதடு சிரிச்சாதாம்மா குரல் சிரிக்கும். போன்ல இருக்கறவனுக்கு உங்க பல்லு தெரியாதுன்னு நினைக்காதீங்க. அவனுக்குக் கேட்கும்."

இது அவருடைய சித்தாந்தம். அவள் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தபடியே ஒவ்வொரு வரியையும் சொல்வாள். சிரிப்பு ஒரு நூலளவு இறங்கினாலும் தடுப்பைத் தட்டுவார். மறுபடி சொல்ல வேண்டும்.

அங்கே குரல் கொடுக்கும் ஆண் ஒருவரும் உண்டு. அவர் பெயர் 'கம்பீரம்'. ஆள் என்னவோ துடைப்பக்குச்சி. சுவரில் பல்லியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறி நின்று பேசுகிறவர். ஆனால் மைக்கின் முன் வாயைத் திறந்தால் ஒரு பட்டாளம் நின்று பேசுவது போலிருக்கும். தண்டவாளத்தைக் கடக்காதீர், கோட்டைத் தாண்டாதீர், அனுமதியின்றி நுழையாதீர், எல்லாம் அவர். அவர் உள்ளே போகும் முன்பு ஆணியிலிருந்து கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். அவருடைய உதடு எப்படி இருக்கிறது என்று எவரும் கேட்டதில்லை. கட்டளை அவருக்கு, கனிவு அவளுக்கு. இப்படி ஒரு விதியை யாரும் எழுதவில்லை. எழுதாத விதியை யார் போய் அடித்துத் திருத்துவது?

அந்த மழைக்காலத்தில் கம்பீரத்துக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. பேசவே கூடாது என்று மருத்துவர் கண்டித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, நகரின் நடுவே புதிதாக எழும்பிய பலமாடிக் கடை ஒன்றிலிருந்து அவசர வேலை வந்து சேர்ந்தது. கட்டடத்தில் தீ விபத்து நேர்ந்தால் ஒலிபெருக்கியில் போடுவதற்கு ஓர் அறிவிப்பு வேண்டும். வேறு வழியில்லாமல் முதலாளி அதை அவள் கையில் கொடுத்தார்.

வாங்கிப் படித்தாள். 'அன்பான வாடிக்கையாளர்களே, தங்களுக்கு ஏற்படும் இடையூறுக்கு மன்னிக்கவும். கட்டடத்தில் தீ ஏற்பட்டுள்ளது. தயவுசெய்து அருகிலுள்ள படிக்கட்டு வழியாக வெளியேறுங்கள்.'

தீ என்ற சொல்லைப் பார்த்ததும் அவள் முகத்திலிருந்து சிரிப்பு தானாக இறங்கிற்று. அந்த முகத்தோடே ஒருமுறை சொன்னாள். தடுப்புக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதலாளியோ தட்டினார்.

"என்னம்மா, நிஜமாவே தீப் பிடிச்ச மாதிரி சொல்றீங்க?"

"தீப் பிடிச்சாதானே சார் இதைப் போடுவாங்க?"

"அதுக்காக வாங்க வந்தவங்களை மிரட்டறதா? கண்ணாடியப் பாருங்கம்மா."

அவள் பார்த்தாள். சிரித்தாள். சொன்னாள். கடைக்காரர்கள் கேட்டுவிட்டு, கேட்கவே இதமாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

கடை திறந்த சில நாட்களில், உள்ளே இருப்பவர்களுக்கு முன்னறிவிப்பு ஏதும் இல்லாமல் ஓர் ஒத்திகை வைத்தார் தீயணைப்பு அதிகாரி. கடை நிர்வாகி சொல்லியனுப்ப, முதலாளியும் அவளும் போயிருந்தார்கள். மூன்றாம் மாடியில், செருப்புப் பிரிவின் ஓரத்தில், தூணோடு தூணாக நின்றாள் அவள். மணி அடித்தது. தொடர்ந்து மேலிருந்து அவளுடைய குரல் பன்னீர் தெளிப்பது போல இறங்கி வந்தது.

ஒருவரும் அசையவில்லை.

காலணி ஒன்றில் பாதத்தை நுழைத்துக்கொண்டிருந்தவர், குதிகால் இடிக்கிறதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். கைப்பை நிறையப் பொருள் வாங்கியிருந்த ஒரு பெண், விற்பனைக்காரியிடம் எந்த மாடியில் தள்ளுபடி என்று கேட்டாள். அந்த விற்பனைக்காரியும் மேலே நிமிர்ந்து கேட்டுவிட்டு, தெரியலைங்க, இன்னொரு தடவை சொல்லுவாங்க, கேட்டுச் சொல்றேன் என்றாள். இன்னொரு தடவையும் சொன்னார்கள். அதற்கப்புறமும் சொன்னார்கள். இரண்டு பேர் லிஃப்டில் ஏறி மேல்மாடிக்குப் போனார்கள். கட்டடம் பற்றி எரிகிறது என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். சொல்கிற விதம் இனிமையாக இருப்பதால், கட்டடமே நின்று ரசித்துக்கொண்டிருக்கிறது. கடைசியில் அதிகாரி விசிலை எடுத்து ஊதித்தான் ஆட்களைக் கீழே இறக்கினார்.

கீழே வந்ததும் அவர் சுற்றி வளைக்கவில்லை. "தீப் பிடிச்சிருக்குன்னு சொல்ற மாதிரி இல்லியே. வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிடற மாதிரி இருக்கு."

கடை நிர்வாகி முதலாளியைப் பார்த்தார். முதலாளி கொஞ்சமும் தடுமாறவில்லை.

"நான் அப்பவே நினைச்சேன் சார். பொம்பளைக் குரல்ல அதிகாரம் வராது. அதோட இயற்கை அது, என்ன பண்றது? எங்க ஆளு தொண்டை சரியாகி வந்ததும் மாத்திடறேன்."

அப்போதே நினைத்தாராம்! கண்ணாடியை மாட்டிய கை எது? சிரி என்று தட்டிய விரல் யாருடையது? ஒரு பறவையின் இறகை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, பறக்காதது அதன் இயற்கை என்று சாட்சி சொல்ல வருகிற வழக்கம் உலகத்தில் புதிதா என்ன? எத்தனை சபைகளில், எத்தனை பெண்களைப் பற்றி, எத்தனை பெரிய மனிதர்கள் இதே வாக்கியத்தை இதே நிதானத்தோடு சொல்லிவிட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து போயிருக்கிறார்கள்! அவளுக்கு இதெல்லாம் அந்தக் கணத்தில் சொற்களாக வரவில்லை.

"சார், கண்ணாடி இல்லாம ஒரு தடவை சொல்லிப் பாக்கறேன்" என்றாள். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

முதலாளி முகம் சுருங்கிற்று. அதிகாரிதான் குறுக்கிட்டார். சொல்லட்டுமே, எனக்கு ஜனங்கள் நகர வேண்டும், யார் தொண்டையாக இருந்தால் என்ன என்று விட்டார். அடுத்த வாரம் மறுபடி ஒத்திகை. அதற்குள் புதிய பதிவு வந்தால் போட்டுப் பார்க்கலாம்.

திரும்பி வந்து கூடத்துக்குள் நுழைந்தபின் முதலாளி சொன்னார்: இது ஒன்றுதான் வாய்ப்பு. இதிலும் ஆட்கள் நகரவில்லையென்றால், இனி இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. வரவேற்பும் வருத்தமும் அவளுக்கு, மற்றதெல்லாம் கம்பீரத்துக்கு. அவள் இருக்கும்வரை மட்டுமல்ல, இனி வருகிற பெண்களுக்கும் அதுதான் கணக்கு.

இனி வருகிற பெண்கள். அந்த வார்த்தை அவளோடு வீடுவரை வந்தது.

மறுநாள் ஒலிப்பதிவாளர் தம் கையாலேயே கண்ணாடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார். ஆணி மட்டும் நின்றது. அவள் மூச்சை இழுத்துச் சொன்னாள். கேட்டுப் பார்த்தார்கள். அதே பன்னீர். மறுபடி சொன்னாள், குரலைத் தடிப்பாக்கினாள், கம்பீரத்தைப் போலவே அடிவயிற்றிலிருந்து எழுப்பினாள். நாடகத்தில் மீசை ஒட்டிக்கொண்ட பெண் பேசுவது போலிருந்தது. கத்திப் பார்த்தாள், அது குழந்தை மிரட்டுவது போல் ஒலித்தது. எந்தப் பக்கம் போனாலும் வாக்கியத்தின் கடைசியில் குரல் மெல்ல மேலேறி, சரிதானே, கோபமில்லையே, என்று கேட்பவரிடம் ஒரு உத்தரவு வாங்கிக்கொண்டுதான் இறங்கிற்று.

ஒலிப்பதிவாளர் ஹெட்ஃபோனைக் கழற்றினார். தொப்பியைச் சரிசெய்தார்.

"கண்ணாடிய எடுத்தாச்சு மேடம். ஆனா நீங்க இன்னும் அதைப் பாத்துட்டுதான்..." என்று வழக்கம்போலப் பாதியில் நிறுத்தினார்.

அன்று மாலை வீட்டுச் சமையலறையில் நின்று அவள் யோசித்தாள். இந்தக் கண்ணாடியை முதலாளியா மாட்டினார்? அவர் மாட்டியது வெறும் கண்ணாடி. ஆணி அதற்கு வெகுகாலம் முன்பே அடிக்கப்பட்டிருந்தது. சின்னவளாக இருந்தபோது அண்ணன் வாய்விட்டுச் சிரித்தால் கலகலப்பு, அவள் சிரித்தால் அடக்கமில்லை. வகுப்பில் எழுந்து பதில் சொன்னால் வாயாடி. சொல்லாவிட்டால் நல்ல பிள்ளை. கல்யாணம் ஆன புதிதில் புகுந்த வீட்டார் அவளைப் பற்றி ஊரெல்லாம் பாடிய புகழ் என்ன? 'வீட்ல இருக்காளான்னே தெரியாது, அவ்வளவு நல்ல பொண்ணு.' ஒரு மனுஷி இருப்பதே தெரியாமல் இருப்பதற்கு ஒரு புகழ்மாலை! அதையும் கழுத்தில் போட்டுக்கொண்டு, அழகாகத்தான் இருக்கிறது என்று நின்றவள் அவள்.

அடுப்பைத் தணித்துவிட்டு, "வெளியேறுங்கள்" என்று சொல்லிப் பார்த்தாள்.

"டீயா? குடு குடு" என்றது கூடத்திலிருந்து கணவனின் குரல்.

அவன் கெட்டவன் அல்ல. கையை ஓங்கியதில்லை, காரணமின்றிக் கடிந்ததில்லை. உனக்குக் கோபமே வராதே, அதுதானே உன் அழகு என்று வாரத்துக்கு ஒருமுறையாவது வாயாரச் சொல்கிறவன். அந்தப் பாராட்டுத்தான் அவளுக்கு இதுநாள்வரை பெரிய சுகமாக இருந்தது.

அன்றைக்குக் கணவனின் அண்ணனும் அவர் மனைவியும் சாப்பிட வந்திருந்தார்கள். மூத்தவர் கலகலப்பான மனிதர். அவர் இருக்கும் இடத்தில் மற்றவர்கள் சிரிப்பதற்கென்றே இருப்பார்கள். சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போனவர், தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த அவளுடைய மகளின் காலைப் பார்க்காமல் மிதித்துவிட்டார். நன்றாகவே மிதித்துவிட்டார். பெண்ணின் கண்ணில் நீர் திரண்டது. ஆனால் வாயைத் திறந்து அவள் சொன்னது:

"மன்னிச்சுக்கோங்க பெரியப்பா."

மிதித்தவரிடம் மிதிபட்டவள் மன்னிப்புக் கேட்கிறாள்! அதுவும் எப்படி? உதட்டில் சிரிப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கடைசியில் குரலை ஒரு நூலளவு மேலேற்றி. லிஃப்டின் கதவு மூடுகிற அதே ராகம்.

வீடே சிரித்தது. அம்மா மாதிரியே, அப்படியே அம்மா மாதிரியே என்று கணவன் பூரித்தான்.

"தாயும் மகளும் ஒரே பதிவு" என்று மூத்தவர் தொடையில் தட்டிக்கொண்டார். "சரி, சின்னவளது கேட்டாச்சு. எங்கே, நீ ஒரு தடவை அந்த லிஃப்ட் சொல்லும்மா. நேத்து எங்க ஆபீஸ்ல போட்டுட்டாங்க. எங்க வீட்டுப் பொண்ணுதான்னேன், ஒருத்தன் நம்பலை."

இது ஒவ்வொரு வரவிலும் நடக்கிற சடங்கு. அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று, லிஃப்டைச் சொல்லி, மருத்துவமனையைச் சொல்லி, வரிசையில் காத்திருங்கள் என்பதையும் சொல்வாள். அவர்கள் கை தட்டுவார்கள். இன்று அவள் மகளின் பாதத்தைப் பார்த்தாள். விரல் சிவந்திருந்தது.

"மாட்டேன்" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். ஏனென்றால் அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். மறுப்பைக்கூட அவள் ஒரு தட்டில் வைத்து, மேலே துணி மூடித்தான் நீட்டியிருக்கிறாள். மூத்தவர், ரொம்பப் பண்ணாதே, சொல்லும்மா என்று கையை ஆட்டினார்.

அவள் தன் உதட்டை முதல் முறையாக உள்ளிருந்து உணர்ந்தாள். இரண்டு ஓரமும் இழுத்துக் கட்டியிருந்தன. அவிழ்த்துவிட்டாள். முகத்தைக் கடுமையாக்கவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"மாட்டேன்னு சொன்னேன் பெரியத்தான். அவ கால மிதிச்சுட்டீங்க. அவகிட்ட மன்னிப்புக் கேளுங்க."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவரின் வாய் ஏதோ ஒரு வேடிக்கையைத் தேடித் திறந்து, கிடைக்காமல் மூடிக்கொண்டது. பிறகு குனிந்து, சிறுமியின் தலையைத் தொட்டு, தெரியாம மிதிச்சுட்டேன் கண்ணு என்று முணுமுணுத்தார்.

"உடம்பு சரியில்லையா உனக்கு?" என்றான் கணவன்.

"நல்லா இருக்கேன்."

அவர்கள் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். செருப்பு மாட்டும் சாக்கில் பின்தங்கிய மூத்தவரின் மனைவி, அவள் கையைப் பிடித்து, வெளியே நிற்கும் கணவருக்குக் கேட்காமல் சொன்னாள்: "எனக்கும் அந்த வார்த்தை தெரியும்டி. இத்தனை வருஷமா தொண்டை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிடுது." கதவு சாத்தியபின் கணவன், அண்ணன் என்ன நினைத்திருப்பார் என்று கேட்டான். அவள், காலில் அடிபட்ட பெண் என்ன நினைத்தாள் என்று யாராவது கேட்டோமா என்றாள். அவன் பதில் சொல்லாமல் போய்ப் படுத்தான். மறுநாள் காலையும் பேசவில்லை. அந்த மௌனம் அவளுக்கு வலிக்கத்தான் செய்தது. வலித்தாலும், அதைச் சரிசெய்ய அவள் சிரித்துக்கொண்டே ஒரு காப்பியை நீட்டவில்லை.

நேராக ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனாள். தாளை வாங்கி, அன்பையும் மன்னிப்பையும் தயவையும் பேனாவால் அடித்தாள். மிச்சம் இருந்தது போதுமானதாக இருந்தது. மைக்கின் முன் நின்று, நேற்று மகளின் சிவந்த விரலைப் பார்த்துக்கொண்டு பேசிய அதே இடத்திலிருந்து எடுத்துச் சொன்னாள்.

"கட்டடத்தில் தீ. பொருட்களை விட்டுவிடுங்கள். படிக்கட்டு வழியாக வெளியேறுங்கள். இப்போதே."

ஒலிப்பதிவாளர் இன்னொரு முறை கேட்கவில்லை. அந்நேரம் முதலாளி வந்து நாற்காலியில் சாய்ந்தார். சட்டைப்பையில் எதையோ தேடிக்கொண்டே, போடுங்க பார்ப்போம் என்றார். ஒலிப்பதிவாளர் பொத்தானை அழுத்தினார். கூடத்தில் அவள் குரல் எழுந்தது. 'படிக்கட்டு' என்ற சொல் வருவதற்குள் முதலாளி நாற்காலியை விட்டு எழுந்திருந்தார். 'இப்போதே' என்று முடிந்தபோது அவருடைய கை கதவின் பிடியில் இருந்தது.

அவர் தம் கையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், காற்று வரட்டும்னு பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டே கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஒலிப்பதிவாளர் தொப்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"நல்லாதான் இருக்கு" என்றார் முதலாளி. "ஆனா கொஞ்சம் கறார். உடம்பு ஏதாவது சரியில்லையாம்மா?"

இரண்டாம் ஒத்திகையில் கடை காலியாயிற்று. யாரும் அலறவில்லை, யாரும் யாரையும் தள்ளவில்லை. ஒற்றைக் காலில் புதுச் செருப்போடு ஒருவர் வாசலில் வந்து நின்று, எனக்கு எதுக்கு இறங்கினேன்னே தெரியலை, அந்தம்மா சொன்னாங்க, இறங்கிட்டேன் என்று அதிகாரியிடம் விளக்கிக்கொண்டிருந்தார். அதிகாரி விசிலைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

மூத்தவர் கொஞ்ச நாள் வீட்டுப் பக்கம் வரவில்லை. கணவன் ஒரு மாலை, லிஃப்டில் அவளோடு ஏறிவந்தபோது, 'மன்னிக்கவும், கதவு மூடுகிறது' என்று மேலிருந்து அவள் குரல் கேட்டதும் தலையை நிமிர்த்தினான். பிறகு அவளைப் பார்த்து, மூடறதுக்கு எதுக்கு மன்னிப்பு, அது பாட்டுக்கு மூடுது என்றான். அது சமாதானமா, வேடிக்கையா என்று அவளுக்குத் தெரியவில்லை. யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

தொண்டை தேறிக் கம்பீரம் திரும்பி வந்த அன்று, கூடத்தில் ஒரு புதுச் சிக்கல். கடையில் ஒலித்ததைக் கேட்டுப் பிடித்துப்போய், எச்சரிக்கைகள் எல்லாம் அந்த அம்மாவே சொல்லட்டும் என்று மூன்று இடங்களிலிருந்து கேட்டிருந்தார்கள். முதலாளி நெற்றியைத் தேய்த்தார். எச்சரிக்கையெல்லாம் நீங்கள் சொல்லிவிட்டால், வங்கியிலிருந்து வந்திருக்கிற வருத்தத்தை யார் தெரிவிப்பது என்று கேட்டார். அவள் மேசையில் கவிழ்ந்து கிடந்த கண்ணாடியை எடுத்தாள். தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். உள்ளே போய் ஆணியில் மாட்டினாள். கம்பீரத்தின் முகத்துக்கு ஏற்றபடி கொஞ்சம் சாய்த்தும் வைத்தாள்.

"பாதிப் பாதி சார்" என்றாள்.

கம்பீரம் மைக்கின் முன் நின்றார். கண்ணாடியில் தம் முகத்தைப் பார்த்துத் திகைத்தார். பல்லியைக் கண்டது போல ஒரு கணம் பின்வாங்கினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"மன்னிக்கவும்!"

திருடனைத் துரத்துகிற குரலில் அது வந்தது. ஒலிப்பதிவாளர் நிறுத்தினார். முதலாளி தடுப்பைத் தட்டினார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள் காலை நீட்டிக்கொண்டாள்; அவசரமில்லை, அவருக்குப் பழகக் கொஞ்சம் நாளாகும்.

"உதடு சிரிக்கணும் சார்" என்றார் முதலாளி, அலுப்போடு. "இன்னொரு தடவை."